அழுத்த அலகு மாற்றம்

ஒரு பரப்பின்மீது செங்குத்தாகச் செயல்படும் விசையை அப்பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். மெட்ரிக் முறையில் இதன் அலகு பாஸ்கல். ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன். பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கலின் பெயர் 1971-இல் இதற்குச் சூட்டப்பட்டது. அன்றாடப் புழக்கத்துக்கு இது மிகச் சிறியது என்பதால் கிலோபாஸ்கலும், 100 கிலோபாஸ்கலுக்குச் சமமான பாரும் வழங்குகின்றன. இம்பீரியல் முறையின் அலகு பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு விசை.

இவற்றை இணைக்கும் எண் ஆய்வுக்கூடத்தில் அளந்து கண்டதல்ல, வரையறைகளிலிருந்தே வருவது. 1959 உடன்பாட்டின்படி ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஒரு பவுண்டு 0.45359237 கிலோகிராம். பவுண்டை ஈர்ப்பு முடுக்கத்தின் திட்ட மதிப்பான 9.80665-ஆல் பெருக்கி, 0.00064516 சதுர மீட்டரால் வகுத்தால் 6,894.76 பாஸ்கல் கிடைக்கும். ஆக 1 பிஎஸ்ஐ என்பது 6.895 கிலோபாஸ்கல், 1 பார் என்பது 14.504 பிஎஸ்ஐ. மனக்கணக்குக்கு ஏழால் பெருக்கலாம், ஒன்றரை விழுக்காடு கூடுதலாக வரும்.

பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்க நிற்பவர் "முப்பத்திரண்டு" என்று மட்டும் சொன்னால் அது பிஎஸ்ஐ. மெட்ரிக்கில் 220.6 கிலோபாஸ்கல், சுமார் 2.2 பார். கம்ப்ரஸர் மானிகள் பலவற்றில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்ற அளவுகோலும் இருக்கும். அந்த அலகு 0.98 பார்தான். இரண்டையும் ஒன்றாகவே பாவிப்பது வழக்கம். டயருக்குக் கேடில்லை, கருவியைச் சரிபார்க்கும்போது அது செல்லாது.

பெருக்கலைவிடத் தடுமாற வைப்பது சுழி எங்கே தொடங்குகிறது என்பது. டயர் மானி காட்டுவது வெளிக்காற்றைவிட மிகுதியாக உள்ள அழுத்தத்தை மட்டுமே. கடல்மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் டயருக்குள் இருப்பது 46.7. வாயு விதிகளைப் பயன்படுத்தும் கணக்குகளுக்கு இந்த முழு அழுத்தமே வேண்டும்.

வானூர்தியில் அலகுக் குழப்பம் ஆபத்தாகவே முடியலாம். அமெரிக்காவில் உயரமானியைப் பாதரச அங்குலத்தில் அமைப்பார்கள். பெரும்பாலான நாடுகளில் ஹெக்டோபாஸ்கல். திட்ட வளிமண்டல அழுத்தம் 29.92 அங்குலம், அதாவது 1013.25 ஹெக்டோபாஸ்கல். கட்டுப்பாட்டு அறை "992" என்று ஹெக்டோபாஸ்கலில் சொன்னதை விமானி 29.92 என்று எடுத்துக்கொண்டால் வேறுபாடு 21 ஹெக்டோபாஸ்கல். தாழ்ந்த உயரங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 28 அடி என்பதால், உயரமானி உண்மையைவிட 600 அடிபோல் கூட்டிக் காட்டும். விமானமோ அந்த அளவு தாழ்ந்து பறக்கும். பிரிட்டனின் வானொலி நடைமுறையில், அழுத்தம் 1,000-க்குக் கீழிறங்கினால் எண்ணோடு "ஹெக்டோபாஸ்கல்" என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.