மின்கட்டணத் தாளும் வெள்ளை அட்டையும்

தமிழ்நாட்டு வீடுகளுக்கு மின்கட்டணப் பட்டியல் தனித்தாளாக வந்து சேர்ந்தது அபூர்வம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் தேதி, அளவீடு, யூனிட், தொகை ஆகியவற்றை எழுதிவிட்டுப் போவார். ஓர் அட்டை பல ஆண்டுகளுக்கு வரும். அதனால், இன்று கட்டணம் குறுஞ்செய்தியாக வருவதை மரங்களைக் காக்கும் செயலாக மட்டும் பார்ப்பது இங்கே பொருந்தாது.

கணக்கிட்டே பார்க்கலாம். வீட்டு இணைப்புகள் 2 கோடிக்கும் மேல். 2 கோடி வீடுகளுக்கு ஆண்டுக்கு 6 முறை, 5 கிராம் எடையுள்ள ஒரு தாளை அனுப்பினால் மொத்தம் 600 டன். கரூர் மாவட்டம் காகிதபுரத்திலுள்ள அரசு காகித ஆலையின் ஆண்டுத் திறன் ஏறத்தாழ 4 லட்சம் டன். 600 டன் அதன் ஒருநாள் உற்பத்திகூட ஆகாது. அந்த ஆலையின் முக்கிய மூலப்பொருளும் கரும்புச் சக்கைதான். தாள் குறைந்தால் நீரும் எரிபொருளும் மிஞ்சும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மிச்சம் சிறியது.

கேரளத்தைப் போல, கையடக்க இயந்திரத்தில் வாசலிலேயே அச்சடித்துத் தரும் இடங்களில் நிலைமை வேறு. அந்த இயந்திரம் பயன்படுத்தும் வெப்பத்தாளில் மை கிடையாது. சூடு பட்டதும் நிறம் மாறும் ரசாயனப் பூச்சுதான் எழுத்தாகிறது. அந்தப் பூச்சில் நெடுங்காலம் பயன்பட்டுவந்த பிஸ்பீனால்-ஏ, உடலின் ஹார்மோன் இயக்கத்தில் குறுக்கிடுவது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியிலிருந்து வெப்பத்தாளில் அதன் அளவை எடையில் 0.02 சதவீதத்துக்குக் கீழ் கட்டுப்படுத்தியது. பழைய தாள்களோடு கலந்து மறுசுழற்சிக்குப் போனால், மறுபடி உருவாகும் தாளிலும் அது தொடரும். இத்தகைய தாளைக் கைவிட, எடையைவிட வேதியியலே வலுவான காரணம்.

இவற்றைவிடப் பெரிய ஆதாயம் கட்டணப் பட்டியல் சொல்லும் செய்தியில் இருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் வீடுகளை வைத்து நடந்த சோதனைகளைப் பொருளியலாளர் ஹன்ட் ஆல்காட் 2011இல் ஆராய்ந்தார். அக்கம்பக்கத்து வீடுகளோடு மின் பயன்பாட்டை ஒப்பிட்டுக் காட்டும் அறிக்கை, சராசரியாக 2 சதவீத மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. அந்த அறிக்கைகள் தபாலில் போன காகிதங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் நம் வீடு ஒன்றில் அந்த 2 சதவீதத்தில் பாதியே மிஞ்சினாலும் ஆண்டுக்கு 12 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதால், 8 கிலோவுக்கு மேல் குறையும். ஆறு தாள்களின் மொத்த எடை 30 கிராம்தான்.

வெள்ளை அட்டையில் முந்தைய மாதங்களின் யூனிட்டுகள் வரிசையாகத் தெரியும்; ஏப்ரலில் ஏறியதும் டிசம்பரில் இறங்கியதும் ஒரே பார்வையில் பிடிபடும். தொகையையும் கடைசி நாளையும் மட்டும் சொல்லும் குறுஞ்செய்தி இந்த ஒப்பீட்டைப் பறித்துவிடுகிறது. சென்ற ஆண்டு இதே மாதங்களில் செலவான யூனிட்டையும் செய்தியில் சேர்ப்பது கடினமல்ல. அந்தக் கணக்கு மின்வாரியத்தின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. வாடகை வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால் செய்தி பெரும்பாலும் அவருடைய எண்ணுக்கே போகிறது. விசிறியையும் விளக்கையும் அணைக்க வேண்டியவர் குடியிருப்பவர். அவருடைய எண்ணும் பதிவாகும்வரை, மீட்டர் பெட்டியருகே அந்த அட்டை இருந்தாக வேண்டும்.