ரொமான்டிக் கால ஆங்கில நாவலில் தன்னுரிமை நாயகியரும் காதல் திருமணமும்

ஏறத்தாழ 1780 முதல் 1830 வரையிலான ஆண்டுகளை ஆங்கில இலக்கிய வரலாறு ரொமான்டிக் காலம் அல்லது கற்பனாவாதக் காலம் என்று குறிக்கிறது. சொந்த வருமானமும் தொழிலும் இல்லாத ஒரு பெண், மனத்துக்கு ஒவ்வாத வரனை மறுக்க முடியுமா என்ற கேள்வியை அக்கால நாவல்கள் விடாமல் எழுப்பின. அவற்றை எழுதியவர்களில் ஃபிரான்சஸ் பர்னி, ஆன் ராட்கிளிஃப், ஜேன் ஆஸ்டின் முதலிய பெண்கள் முன்னணியில் இருந்தனர். காதல் திருமணத்தைப் பாடிய நாவல்கள் என்று இவை பெயர்பெற்றாலும், ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையே இவற்றின் உயிர்நாடி.

சட்டமும் சொத்தும்

1753-இல் நிறைவேறிய ஹார்ட்விக் திருமணச் சட்டத்தின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது நிரம்பாதவர்கள் உரிமம் பெற்று மணம் புரியப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் தேவைப்பட்டது. இச்சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தவில்லை. அதனால் எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் கிராமம், ஓடிவரும் காதலர்கள் கல்யாணம் செய்துகொள்ளும் இடமாயிற்று.

மணமான பெண்ணைத் தனி ஆளாகவே சட்டம் கருதவில்லை. அவளுடைய கைப்பணமும் சம்பாத்தியமும் கணவனுக்குச் சேர்ந்தன. அவள் பெயரில் இருந்த நிலத்தின் வருமானமும் அவன் கைக்கே போனது. வசதியுள்ள குடும்பங்கள் மட்டும் கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி, பெண்ணுக்கென ஒரு பங்கைக் காப்பாற்றிக்கொண்டன. மறுமணம் செய்ய இடம்தரும் முழு விவாகரத்து வேண்டுமானால், 1857 வரை நாடாளுமன்றத்தில் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆக, ஒரு பெண்ணின் சொல்லுக்கு முழு மதிப்பு இருந்தது அவளிடம் சம்மதம் கேட்கும் அந்தச் சில நிமிடங்களில்தான். நாவலாசிரியர்கள் அந்த நிமிடங்களைப் பற்றிக்கொண்டார்கள்.

முன்னோடிகள்

பர்னியின் ‘சிசிலியா’ (1782) நாவலில், நாயகியை மணப்பவன் அவளுடைய குடும்பப் பெயரை ஏற்றால்தான் பெரியப்பாவின் சொத்து அவளுக்கு நிலைக்கும். அவள் சொத்தை விட்டுக் காதலனை மணக்கிறாள். ராட்கிளிஃபின் ‘உடோல்ஃபோவின் மர்மங்கள்’ (1794) நாவலில், கோட்டைக்குள் அடைபட்ட எமிலி, பிடிக்காத பிரபுவுடன் தனக்கு மணம் பேசுவதையும், அத்தையின் நிலங்களை எழுதிக் கேட்பதையும் எதிர்த்து நிற்கிறாள்.

மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் ‘பெண் உரிமைகளுக்கான நியாயம்’ (1792) நூலில், பெண்ணும் பகுத்தறிவுள்ள உயிர் என்றும், மணவாழ்க்கைக்கு மோகத்தைவிட நட்பும் மதிப்புமே உறுதியான அடித்தளம் என்றும் வாதிட்டார். மேரி ஹேஸின் ‘எம்மா கோர்ட்னி’ (1796) நாவலில் நாயகியே முந்திக்கொண்டு தன் காதலைச் சொல்கிறாள். அன்றைய வாசகர்களுக்கு அது பேரதிர்ச்சி.

ஆஸ்டினின் நாயகியர்

28 ஜனவரி 1813 அன்று வெளியான ‘பெருமிதமும் முற்சாய்வும்’ இந்த மரபின் உச்சம். பென்னட் குடும்ப நிலத்தின் ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. ஆனால் அது ஆண் வாரிசுக்கே சேர வேண்டிய சொத்து. வீட்டில் இருப்பதோ ஐந்தும் பெண்கள். தந்தை இறந்தால் வீடு, தூரத்து உறவினரான பாதிரியார் காலின்ஸுக்குப் போய்விடும். அந்தக் காலின்ஸே பெண் கேட்டு வருகிறார். எலிசபெத் மறுக்கிறாள். நல்ல பெண்கள் முதலில் மறுப்பது வழக்கம்தானே என்று அவர் சிரித்தபடி மீண்டும் கேட்கிறார். தன்னைப் பசப்புக்காரியாக எண்ண வேண்டாம், உள்ளதைச் சொல்லும் பகுத்தறிவுள்ள ஒருத்தியாக எண்ணுங்கள் என்று அவள் சொல்கிறாள். உல்ஸ்டன்கிராஃப்டின் குரல் இங்கே ஒரு கிராமத்து வீட்டின் காலையுணவு அறைக்குள் வந்துவிடுகிறது.

அடுத்து, ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்சி, அவளுடைய குடும்பத்தின் தாழ்வை எடுத்துச் சொல்லிக்கொண்டே காதலைத் தெரிவிக்கிறான். அவனையும் மறுக்கிறாள். பிறகு அவன் மாறுகிறான். அவளும் தன் அவசரத் தீர்ப்புகளை எண்ணி வெட்கப்படுகிறாள். மூன்றாவதாக, டார்சியை மணக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கும்படி அவனுடைய சித்தி கேத்தரின் சீமாட்டி மிரட்டும்போது, அதற்கும் இணங்க மறுக்கிறாள். இந்த மூன்று மறுப்புகளால்தான் கடைசியில் அவள் சொல்லும் சம்மதத்துக்கு மதிப்பு வருகிறது.

‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ (1814) நாயகி ஃபேனி பிரைஸ் எதிர்த்துப் பேசாதவள், பெரியம்மா வீட்டில் வளரும் ஏழைப் பெண். பணக்காரனான கிராஃபோர்டை அவள் மறுத்ததும், பெரியப்பா அவளை நன்றிகெட்டவள் என்று கடிந்துகொள்கிறார். அன்றுதான் அவளுடைய அறையில் கணப்பே மூட்டப்படுவதில்லை என்பது அவர் கண்ணில் படுகிறது. உலாவிவிட்டுத் திரும்பும் ஃபேனி, அங்கே நெருப்பு எரிவதைக் காண்கிறாள். ஏச்சைத் தாங்கியவள் அந்தக் கனிவின் முன் கலங்கிப்போகிறாள். முடிவை மட்டும் மாற்றிக்கொள்வதில்லை.

வரம்புகளும் தாக்கமும்

இந்த நாயகியரில் பலருக்குக் காதலும் பணமும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன. அப்படிக் கிடைக்காதவர்களையும் ஆஸ்டின் மறக்கவில்லை. 27 வயதான சார்லட் லூக்கஸ், தலைக்கு மேல் ஒரு கூரைக்காகவே காலின்ஸை ஏற்கிறாள். உழைக்கும் குடியில் பிறந்த நாயகியர் அரிது. வால்டர் ஸ்காட்டின் ‘மிட்லோதியனின் இதயம்’ (1818) நாவலில், தங்கையின் உயிருக்கு மன்னிப்புக் கேட்டு லண்டனுக்கு நடந்தே புறப்படும் ஜீனி டீன்ஸ் அந்த அரியவர்களில் ஒருத்தி.

இம்மரபின் தொடர்ச்சியே சார்லட் பிரான்டேயின் ‘ஜேன் அயர்’ (1847). ஆஸ்டினின் ‘அறிவும் உணர்ச்சியும்’ (1811) நாவலைத் தழுவி ராஜீவ் மேனன் 2000-இல் இயக்கிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’, வீட்டை இழந்து சென்னைக்கு வரும் அக்கா தங்கையின் கதையாக அதைத் தமிழில் தந்தது.

எழுதியவர்களின் வாழ்க்கை

நாவலாசிரியர் சார்லட் ஸ்மித்துக்கு 15 வயதில் மணம் முடித்துவைத்தார்கள். கடன்காரர் சிறைக்குப் போன கணவனுடன் அவரும் அங்கே தங்க நேர்ந்தது. 1787-இல் பிரிந்து வந்து, எழுதியே பிள்ளைகளை வளர்த்தார். அந்தச் சம்பாத்தியத்தின் மீதும் கணவனுக்குச் சட்டப்படி உரிமை இருந்தது.

1802 டிசம்பரில், பெரும் சொத்துக்கு வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் மணக்கக் கேட்டபோது ஆஸ்டின் சம்மதித்தார்; மறுநாள் காலையே அதைத் திரும்பப் பெற்றார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. ‘பெருமிதமும் முற்சாய்வும்’ நாவலின் பதிப்புரிமையை விற்றபோது வந்த 110 பவுண்டு, அவர் மணமாகாதவர் என்பதால் அவருக்கே சொந்தமாயிற்று. தான் உழைத்துச் சம்பாதித்த பணத்தைத் தனதென்று வைத்துக்கொள்ளும் உரிமையை, இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்கு 1870-ஆம் ஆண்டின் சட்டம்தான் தந்தது.