நினைவகத்தின் தன்மையை யார் அறிவிப்பது? 486 முதல் சக்தி வரை

2018-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலியில் லினக்ஸ் ஓடியது. இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் உருவான சில்லு அது. அதே ஆண்டில் உள்நாட்டு எஸ்.சி.எல். ஆலையிலும் 180 நானோமீட்டரில் இன்னொன்று தயாரானது. உள்நாட்டுச் செயலி என்ற பெருமையைப் பலரும் எழுதினார்கள். இக்கட்டுரை பார்ப்பது அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு கேள்வியை: கருவி ஒன்றின் பதிவகங்களை இயங்குதளம் தன் முகவரி வெளிக்குள் கொண்டுவரும்போது, அந்த இடம் எத்தகையது என்று அறிவிக்கும் அதிகாரம் யாருடையது?

கேள்வி ஏன் எழுகிறது என்பதற்குத் தொடர் முனையம், அதாவது யூஆர்ட் ஒன்றே போதும். அதன் தரவுப் பதிவகத்தை ஒருமுறை படித்தால் வரிசையில் இருந்த பைட் வெளியேறிவிடும். செயலி முன்யூகமாகப் படித்துவைத்தால் அந்த பைட் போனதுதான். நிலைப் பதிவகம் கேஷில் தங்கினால் டிரைவர் பழைய செய்தியையே பார்த்துக்கொண்டிருக்கும். திரை நினைவகத்துக்கோ இந்தக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். எழுத வேண்டியவற்றைச் சேர்த்து மொத்தமாக அனுப்பினால் படம் வேகமாக வரும். இரண்டும் முகவரிகள்தாம், நடத்தை மட்டும் வேறு.

1989-இல் வந்த இன்டெல் 486 தான் கேஷைச் சில்லுக்குள்ளேயே வைத்த முதல் எக்ஸ்86 செயலி. ‘இதைக் கேஷில் வைக்கலாமா’ என்று பலகையிலுள்ள சுற்று ‘கென்’ என்ற முனை வழியே செயலிக்குச் சொல்லும். பக்க அட்டவணையிலும் இரண்டு பிட்கள் இருந்தன. அவற்றால் கேஷை நிறுத்தவோ, எழுதும் முறையை மாற்றவோ முடியும், அவ்வளவுதான். 1995-இல் பென்டியம் புரோ அந்தப் பேச்சைக் கம்பியிலிருந்து எடுத்து எம்.டி.ஆர்.ஆர். என்னும் வரம்புப் பதிவகங்களில் எழுதியது. எழுதுவதைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் தன்மை ‘எழுத்துச் சேர்ப்பு’ என்று பெயர் பெற்றதும் அப்போதே. ஆனால் விருப்பப்படி அமைக்கக் கிடைத்த வரம்புகள் எட்டே. அளவு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். அவற்றிலும் சிலவற்றை பயாஸ் முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். மீதிக்குத்தான் திரை டிரைவர்கள் முட்டி மோதின.

1999-இல் பென்டியம் III கொண்டுவந்த ‘பாட்’ அட்டவணை அந்த நெருக்கடியைத் தீர்த்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் எட்டு இடங்களில் ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். அதிகாரம் பக்க அட்டவணைக்கு, அதாவது இயங்குதளத்துக்கு வந்தது. புதிய சிக்கலும் கூடவே வந்தது. நிலப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கண்மாய்ப் பாய்ச்சல் உள்ள நிலம் நஞ்சை, வானம் பார்த்தது புஞ்சை. ஒரே சர்வே எண் ஒரு பதிவேட்டில் நஞ்சையாகவும் இன்னொன்றில் புஞ்சையாகவும் இருந்தால் தீர்வை போடுபவர் எதை நம்புவார்? ஒரே பௌதிகப் பக்கத்துக்கு இரண்டு தன்மைகள் பதிவானால் செயலியும் அப்படித்தான் தடுமாறும். 2008-இல் 2.6.26 பதிப்பில் பாட் ஆதரவைச் சேர்த்தபோது, யார் எந்தப் பக்கத்துக்கு எந்தத் தன்மை கேட்டார்கள் என்று லினக்ஸ் கணக்கு வைக்கத் தொடங்கியது இதனால்தான். கருவியின் பதிவகங்களை முகவரி வெளிக்குள் கொண்டுவரும் அதன் ‘ஐஓரிமேப்’ முழுக் கட்டுப்பாடு உள்ள வகையை விட்டு, சற்றே நெகிழ்ந்த கேஷற்ற வகையைத் தேர்ந்தது. பழைய வரம்புப் பதிவகம் ‘எழுத்துச் சேர்ப்பு’ என்றால் அதற்கு வழிவிடும் வகை அது. சமரசம்தான், ஆனால் புத்திசாலித்தனமான சமரசம்.

ஆர்ம் வேறு வழியில் போனது. ஆர்ம்வி6 முதலே சாதாரண நினைவகம், கருவி நினைவகம் என்று வகை பிரித்தது. ஆர்ம்வி8, கருவி வகைக்குள்ளேயே சேர்த்தல், வரிசை மாற்றம், முன்கூட்டிய ஒப்புதல் ஆகியவற்றைத் படிப்படியாக அனுமதிக்கவோ தடுக்கவோ வழி செய்தது. லினக்ஸ் வழக்கமாக முதலிரண்டைத் தடுத்து மூன்றாவதை விட்டுவைக்கும். ஆப்பிள் எம்1 சில்லிலோ, பி.சி.ஐ. அல்லாத கருவிகளுக்கு மூன்றையும் தடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிழை எழும். அதற்காகவே 2021-இல் 5.13 பதிப்பில் தனி ஐஓரிமேப் வகை சேர்ந்தது.

சக்தியின் அடித்தளமான ரிஸ்க்-வி, 2017-இன் 1.10 சிறப்புரிமை விதியில் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பியது என்றே சொல்வேன். நினைவகத்தின் இயல்பு வன்பொருளில் பதிந்தது. பக்க அட்டவணையில் அதற்கு இடமில்லை. லினக்ஸ் டிரைவர் ஐஓரிமேப் கேட்டால் கிடைத்தது முகவரி மட்டுமே. வரிசையைக் காக்க, கருவி அணுகலையும் நினைவக அணுகலையும் பிரித்தறியும் ‘ஃபென்ஸ்’ கட்டளை இருந்தது. எந்த முகவரியில் எந்தக் கருவி என்று வடிவமைக்கும்போதே தெரிந்த சிறு சில்லுகளுக்கு இது நியாயமான முடிவு. 2025 பிப்ரவரியில் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் அறிவித்த, சக்தி அடிப்படையிலான ஐரிஸ் விண்வெளிக் கட்டுப்பாட்டுச் சில்லும் அத்தகைய பயன்பாட்டுக்கே.

ஒரே ரேம் பகுதி இன்று கேஷோடும், நாளை கேஷோடு ஒத்துப்போகாத கருவி நேரடியாகப் படிக்கும் இடமாகவும் மாறினால் அந்த முடிவு உடையும். அதிகாரபூர்வத் தீர்வுக்காக டி-ஹெட் நிறுவனம் காத்திருக்கவில்லை. சி906 என்ற தன் ரிஸ்க்-வி செயலியில் பக்கப் பதிவின் மேல் பிட்களைத் தன் விருப்பப்படி எடுத்துக்கொண்டது. 2021 இறுதியில் ஏற்கப்பட்ட அதிகாரபூர்வ ‘எஸ்.வி.பி.பி.எம்.டி.’ நீட்டிப்போ 61, 62-ஆம் பிட்களைப் பயன்படுத்துகிறது. 2022-இல் லினக்ஸ் 5.19 இரண்டையும் சேர்த்தே ஆதரிக்க வேண்டியதாயிற்று. நீட்டிப்பில் 1 என்றால் கேஷற்ற நினைவகம், 2 என்றால் கருவி. 0 என்றால் வன்பொருள் சொன்னதே செல்லும். பழைய லினக்ஸ் அந்த பிட்களில் எழுதிவந்ததும் 0 தான்.