தட்டுல சோறு: கருணையா, சட்டமா?

நடுவர் அவர்களே! குழந்தையைக் காக்கக் கருணையே போதும்னு எதிரணி நண்பர் சொன்னாரு. நானும் சத்துணவுத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். கருணையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரலாறு என்ன சொல்லுது?

1920. பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி போட்டது. பிள்ளைக்கு ஒரு அணாவுக்குள் செலவு. கருணைதான்! 1925-ல் வெள்ளைக்கார சர்க்கார் அந்தச் செலவை ஏத்துக்கலை. தட்டு காலி!

பிறகு காமராஜர் போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கினார். 2001-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கப் போடச் சொன்னது. 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியது. சோறு போடலைன்னா அதுக்கான படியைக் கொடுக்கணும்!

கருணை கை ஓய்ந்தால் நிக்கும். சட்டம் இருந்தால் ஏழைத்தாய் கெஞ்ச வேண்டாம். நிமிர்ந்து நின்னு கேட்கலாம். அதனால, சட்டமே என்று தீர்ப்பளியுங்கள், ஐயா!