உருத்திரிந்த அணுக்கருக்களின் அதிர்வு அளவீடு

உருத்திரிந்த அணுக்கருக்களின் அதிர்வு அளவீடு என்பது, கோள வடிவிலிருந்து விலகிய அணுக்கருக்களில் புரோத்தன்களும் நியூத்திரன்களும் ஒன்றிணைந்து நிகழ்த்தும் அதிர்வுகளைக் காமாக் கதிர்களைக் கொண்டு ஆராய்வதாகும். எர்பியம்-168 அணுக்கரு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

காமா அதிர்வு

எர்பியம்-168 நீள்கோள வடிவமுடையது. அதன் நீள் அச்சுக்குச் செங்குத்தான வெட்டுமுகம் வட்டமாகும். இவ்வட்டம் நீள்வட்டமாகி மீளும் அதிர்வு காமா அதிர்வு எனப்படும். இப்பெயர் காமாக் கதிரால் வந்ததன்று; அணுக்கருவின் வடிவத்தைக் குறிக்கும் காமா என்னும் அளவுருவால் வந்தது. ஆகே போர், பென் மொட்டல்சன் ஆகியோர் 1950களில் இக்கோட்பாட்டை வளர்த்தனர். ஜேம்சு ரெயின்வாட்டருடன் சேர்ந்து 1975இல் நோபல் பரிசும் பெற்றனர்.

எர்பியம்-168இல் ஓர் அதிர்வுக் குவாண்டத்தின் ஆற்றல் 0.821 மெகா எலக்ட்ரான் வோல்ட். இரு குவாண்டங்கள் சேர்ந்த இரட்டை அதிர்வு நிலை உண்டா என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. இரு குவாண்டங்களிலும் அதே துகள்களே பங்கேற்பதால் அந்நிலை சிதைந்துவிடும் எனச் சில கோட்பாட்டாளர்கள் கருதினர். இதைத் தீர்மானிக்க ஆற்றலை மட்டும் அறிந்தால் போதாது. அந்நிலையின் ஆயுட்காலமும் தேவை. கூட்டு அதிர்வாயின் அது விரைவாகக் காமாக் கதிரை உமிழும்.

அளக்கும் முறை

பிரான்சின் கிரனோபிள் நகரிலுள்ள லாவே-லான்சவன் ஆய்வு நிறுவனத்தின் அணு உலையில் இவ்வளவீடு செய்யப்பட்டது. எர்பியம்-167 ஒரு நியூத்திரனை ஏற்று எர்பியம்-168 ஆகிறது. மிகை ஆற்றல் அடுத்தடுத்த காமாக் கதிர்களாக வெளியேறுகிறது. 5 மெகா எலக்ட்ரான் வோல்ட் கதிரை உமிழும் அணுக்கரு, சுட்ட துப்பாக்கியைப் போல், நொடிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகத்தில் பின்னுதைக்கிறது.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கதிரை உமிழ்ந்தால், டாப்ளர் விளைவால் அக்கதிரின் ஆற்றல் மாறும். அணுக்கருக்கள் எல்லாத் திசைகளிலும் ஓடுவதால் நிறமாலைக் கோடு அகலமாகிறது. அண்டை அணுக்களில் மோதி அணுக்கருவின் வேகம் மிக விரைவில் குறைந்துவிடும். ஆகவே அகன்ற கோடு குறுகிய ஆயுளையும், ஒடுங்கிய கோடு நீண்ட ஆயுளையும் காட்டும்.

இந்த அகலம் சில பத்து எலக்ட்ரான் வோல்ட்டே. வழக்கமான செருமேனியக் கருவிகளால் இதைப் பிரித்தறிய இயலாது. எனவே குறைபாடற்ற படிகங்களில் கதிரை விளிம்பு விளைவுக்கு உட்படுத்தி, அதன் கோணம் மிக நுண்மையாக அளக்கப்படுகிறது.

முடிவுகள்

எச். ஜி. போர்னர் குழுவினர் 1991இல், 2.056 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் நிலையின் ஆயுட்காலத்தை இம்முறையால் அளந்தனர். அது இரட்டைக் காமா அதிர்வுக்குச் சான்றானது. அதன் ஆற்றல் ஒற்றைக் குவாண்டத்தைப்போல் இரு மடங்கன்று, 2.5 மடங்காகும். அதாவது, அதிர்வு நிலைத்தாலும் சீரிசை அதிர்வாக இல்லை. பின்னர் எர்பியம்-166, டிஸ்ப்ரோசியம்-164 ஆகியவற்றிலும் இத்தகைய நிலைகள் கண்டறியப்பட்டன.