பாதி வழியில் நின்ற படம்

போர்க்காலக் காதற் கதைகளுள் மலாயாவைக் களமாகக் கொண்டு உலகெங்கும் பெயர் பெற்றது ஒன்று உண்டு. நெவில் ஷூட் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எ டவுன் லைக் அலிஸ்' என்னும் ஆங்கிலப் புதினமே அது. ஜாக் லீ என்பார் அதனை 1956இல் திரைப்படமாக்கினார். நாயகியாக நடித்த விர்ஜினியா மக்கென்னாவும் நாயகனாக நடித்த பீட்டர் பிஞ்சும் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் விருதுகளைப் பெற்றனர். அவ்வாண்டில் இங்கிலாந்து மக்கள் மிகுதியாகக் கண்ட படங்களுள் அஃதும் ஒன்று. இத்தனை புகழுக்கும் உரிய படத்தைப் பார்த்துவிட்டு, நூலை முன்பே படித்திருந்தோர் மனக்குறையோடு எழுந்து சென்றனர் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அக்குறைக்குக் காரணம் இருந்தது. அதனினும் பெரிய குறையொன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த தமிழர்க்கு உண்டு. அதனைப் பேசியோர் மிகச் சிலரே.

முதலில் கதையைச் சுருக்கமாகக் காண்போம். கோலாலம்பூரில் ஒரு தோட்டக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்த ஜீன் பாஜட் என்னும் ஆங்கிலப் பெண், ஜப்பானியர் படையெடுப்பின்போது வேறு பல ஐரோப்பியப் பெண்களோடும் குழந்தைகளோடும் சிறைப்படுகிறாள். ஆண்களைப் பிரித்துச் சிங்கப்பூருக்கு அனுப்பிய ஜப்பானியர், பெண்களை எங்கே வைப்பதென்று அறியாமல் ஊர் ஊராக நடக்கவிடுகின்றனர். கோலாலம்பூருக்கு நடந்து வந்தால் அங்கே இடமில்லை. போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு, அதாவது 1972 முதல் போர்ட் கிள்ளான் என வழங்கும் துறைமுகத்துக்கு, அனுப்புகின்றனர். அங்கே கப்பல் இல்லை. கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் சில நாள் கிடந்து, பின்னர்ப் போர்ட் டிக்சன், சிரம்பான் என்று நடந்து, மலைத்தொடரைக் கடந்து கிழக்குக் கரையை அடைகின்றனர். வழியெல்லாம் பெண்களும் குழந்தைகளும் நோயால் மடிகின்றனர். இறந்தவள் ஒருத்தியின் கைக்குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு, கைலி உடுத்தி, வெறுங்காலோடு ஜீன் நடக்கிறாள். வழியில் ஜோ ஹார்மன் என்னும் ஆஸ்திரேலியக் கைதி அவளைச் சந்திக்கிறான். அவர்களுக்காகக் குவாந்தானில் கோழி திருடியமைக்காக அவனை ஆணியறைந்து தொங்கவிடுகின்றனர். அவன் இறந்துவிட்டான் என்று எண்ணியே அவள் எஞ்சிய போர்க்காலத்தை ஒரு மலாய்க் கிராமத்தின் நெல்வயலில் கழிக்கிறாள்.

போருக்குப் பின் அவளுக்கு ஒரு மரபுரிமைச் சொத்து வருகிறது. தன்னைக் காத்த கிராமத்துப் பெண்களுக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுக்க மீண்டும் மலாயாவுக்கு வருகிறாள். ஜோ உயிரோடிருக்கிறான் என்பதை அங்கேதான் அறிகிறாள். அவனைத் தேடி ஆஸ்திரேலியா செல்கிறாள். படம் அவர்கள் இருவரும் அலிஸ் ஸ்பிரிங்ஸ் விமான நிலையத்தில் சந்திப்பதோடு முடிந்துவிடுகிறது. நூலோ அங்கே ஏறத்தாழப் பாதியைத்தான் கடந்திருக்கிறது. குவீன்ஸ்லாந்தில் வறண்டு கிடக்கும் வில்ஸ்டவுன் என்னும் சிற்றூரை ஜீன் எப்படி உயிர்ப்பிக்கிறாள் என்பதே பிற்பாதிக் கதை. முதலைத் தோலில் காலணி செய்யும் பட்டறை வைத்து இளம் பெண்களுக்கு வேலை தருகிறாள். பனிக்கூழ்க் கடை, நீச்சற்குளம், படமாளிகை என்று ஒவ்வொன்றாக அமைக்கிறாள். சிறையில் ஜோ புகழ்ந்து பேசிய அலிஸ் நகரைப்போல இவ்வூரும் ஆகவேண்டும் என்பது அவள் எண்ணம். நூலின் பெயர் அங்கிருந்து பிறந்தது. பிற்பாதியை வெட்டிய படத்தில் அப்பெயர் பொருளற்றுத் தொங்குகிறது. வாசகரின் முதல் மனக்குறை இதுதான். அது நியாயமானதே. ஏனெனில் ஷூட் எழுதியது வெறும் துன்பக் கதையன்று. துன்பத்தில் கற்ற நிர்வாகத் திறனை ஒரு பெண் அமைதிக் காலத்தில் எவ்வாறு பயன்படுத்துகிறாள் என்பதே அவர் கருதிய பொருள். பொறியியலாளரான அவருக்குக் காதலைவிடக் கணக்கேட்டில் ஆர்வம் மிகுதி என்று சொன்னால் தவறாகாது.

படம் எடுத்தோர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கவேண்டிய கதையில் காலணிப் பட்டறைக்கு இடம் கிடைப்பது அரிது. திரைக்கதை எழுதிய இருவருள் ஒருவரான ரிச்சர்டு மேசன், தாமே ஒரு போர்க்காலக் காதற் புதினத்தை 1946இல் எழுதியவர். எங்கே கண்ணீர் வரும், எங்கே வராது என்பதை அவர் அறிந்திருந்தார். காவலுக்கு வரும் ஜப்பானியச் சார்ஜண்டைக் கொடியவனாக மட்டும் காட்டாமல், களைத்துப் போன ஒரு மனிதனாகக் காட்டியது படத்தின் சிறப்புகளுள் ஒன்று. ஆயினும் ஜப்பானியர் மனம் புண்படுமோ என்னும் அச்சத்தால் கான் திரைப்பட விழாவிலிருந்து அப்படம் விலக்கிக்கொள்ளப்பட்டது. விட்டுப்போன பிற்பாதி 1981இல் ஆஸ்திரேலியாவில் எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடரில்தான் திரைக்கு வந்தது.

இனி நூலுக்குள்ளேயே இருக்கும் குறைக்கு வருவோம். இப்பெண்களின் நடைப்பயணம் மலாயாவில் நடக்கவே இல்லை. இதனை ஷூட் மறைக்கவில்லை. நூலின் இறுதிக் குறிப்பில் அவரே ஒப்புக்கொண்டுள்ளார். மலாயாவில் அகப்பட்ட ஐரோப்பியப் பெண்கள் சிங்கப்பூரில் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஷூட் 1949இல் சுமாத்திரா சென்றபோது, சிறைப்பட்டு இடம் இடமாக அலைக்கழிக்கப்பட்ட டச்சுப் பெண் ஒருவரைச் சந்தித்தார். ஏறத்தாழ எண்பது பேர் கொண்ட அக்குழுவில் முப்பது பேர்கூட உயிர் பிழைக்கவில்லை என அறிந்தார். அவர்கள் நடந்தே சென்றனர் என்று ஷூட் எண்ணியதும் பிழை, பெரும்பாலும் வண்டிகளில் கொண்டுசெல்லப்பட்டனர் என்று அவர் வாழ்வை ஆராய்ந்தோர் பின்னர்க் கூறினர். ஜோ ஹார்மனுக்கு மூலமானவர் ஜிம் எட்வர்ட்ஸ் என்னும் ஆஸ்திரேலியப் படைவீரர். பர்மா இரயில் பாதை வேலையில் இருந்தபோது உணவுக்காக மாடு கொன்றமைக்காக அவரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டனர். 63 மணி நேரம் தொங்கியும் அவர் பிழைத்தார். ஷூட் அவரை 1948இல் சந்தித்தார்.

ஆக, சுமாத்திராவில் நடந்தது ஒன்று, பர்மா எல்லையில் நடந்தது ஒன்று. இரண்டையும் எடுத்து வந்து மலாயா மண்ணில் நட்டார் ஆசிரியர். கற்பனைப் படைப்பாளிக்கு அவ்வுரிமை உண்டு. வெளியிலிருந்து இவ்வளவைக் கொண்டுவந்து வைத்தவர், அந்த மண்ணிலேயே நடந்ததைக் காணாமற் போனதுதான் வருந்தத்தக்கது. அவர் கதைமாந்தர் நடக்கும் வழி, கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை, பால்மரத் தோட்டங்களின் ஊடே செல்லும் வழி. அத்தோட்டங்களின் லயங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. நூலிலும் படத்திலும் நினைவில் நிற்கும் தமிழ்ப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் நுழைந்தது 1942 ஜனவரி 11. அதற்கு எட்டுத் திங்களுக்கு முன்பு அதே கிள்ளான் வட்டாரம் எப்படியிருந்தது? 1941இன் முற்பகுதியில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பவை அவர்தம் கோரிக்கைகள். துரையும் கிராணியும் எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். இந்தக் கடைசிக் கோரிக்கைதான் துரைமாரை மிகவும் சினமூட்டியது போலும்! தலைவர் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தனர். ஜீன் பாஜட் தட்டெழுத்து வேலை பார்த்த அதே காலத்தில், தோட்டக் கம்பெனிகளின் கடிதங்களில் மிகுதியாகப் பேசப்பட்டிருக்கக்கூடிய செய்தி இதுவே. கதையிலோ போருக்கு முந்திய மலாயா நடனமும் டென்னிசும் நிறைந்த சோம்பல் நாடாகவே தோன்றுகிறது.

நூலில் ஓரிடம் ஊன்றி நோக்கத்தக்கது. ஜோ ஹார்மன் லாரி ஓட்டுகிறான் அல்லவா? அந்த லாரியில் ஏற்றுவது என்ன? மலாயாவின் கிழக்குக் கரை இரயில் பாதையைப் பெயர்த்தெடுத்த தண்டவாளங்கள். ஜப்பானியர் அவற்றைச் சயாமுக்கு அனுப்புகின்றனர். இது கற்பனையன்று. அப்பாதையில் பெரும்பகுதி அவ்வாறே பெயர்க்கப்பட்டது, போருக்குப் பின்னரே மீண்டும் போடப்பட்டது. தண்டவாளம் சயாமுக்குப் போனதை எழுதிய ஆசிரியர், அதைத் தூக்கிப் பதிக்கப் போன மனிதர்களை எழுதவில்லை. இவ்வளவு அருகில் வந்து கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டார்.

சயாமையும் பர்மாவையும் இணைத்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் அது முடிந்தது. ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் அதில் உழைத்து, 12,000 பேருக்கு மேல் மடிந்தனர். இவ்வெண்களை உலகம் அறியும். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். இறந்தோர் தொகை கணக்குக்குக் கணக்கு மாறுபடுகிறது. குறைந்த கணக்கே இருபதாயிரத்தைத் தாண்டும். காலராவும் மலேரியாவும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயின. போர்க்கைதிகளிடம் தங்கள் படையைச் சேர்ந்த மருத்துவரும் அதிகாரிகளும் இருந்தனர். இறந்தவர் பெயரை யாரேனும் எழுதி வைத்தனர். தோட்டத்திலிருந்து போனவனுக்கு அதுவும் இல்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 படைவீரர் அடங்கியுள்ளனர், அவர்க்குக் கல் உண்டு. தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய கல்லறை வரிசை எழவில்லை.

ஆள் பிடித்த முறைகளுள் ஒன்று இக்கட்டுரைப் பொருளோடு நேரே தொடர்புடையது. தொடக்கத்தில் நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினர். போனவர் திரும்பாமையால் ஆசை வார்த்தை பலிக்கவில்லை. பின்னர், இலவசமாகப் படம் காட்டுவதாக அறிவித்தனர். மக்கள் கொட்டகை நிறையக் கூடியதும் கதவுகளை அடைத்து, ஆண்களைப் பிடித்து இரயிலேற்றினர். சரக்குப் பெட்டிகளில் நிற்கவும் இடமின்றிச் சயாமின் பான்போங் வரை அவர்கள் சென்றனர். படம் பார்க்கப் போனவன் பாதை போடப் போன கதை, எந்தப் படத்திலும் வராமற்போயிற்று.

பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கும் இப்போரில் பங்குண்டு. இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த அப்பகுதியில் தமிழரும் யாழ்ப்பாணத்தவரும் மிகுதி. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க விமானங்கள் கோலாலம்பூர் இரயில் பழுதுபார்க்கும் பட்டறைகளைக் குறிவைத்துக் குண்டு வீசின. மார்ச் 10இல் வீசிய குண்டு, பிரிக்பீல்ட்சுக்கு அருகில் இருந்த சிலாங்கூர் அரும்பொருட் காட்சியகத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தது. பின்னர்த் தேசிய அரும்பொருட் காட்சியகம் எழுந்தது அந்த இடத்தில்தான்.

பெண்களின் நடைப்பயணம் மலாயாக் கதையில் இல்லை என்று மேலே கூறப்பட்டது. வேறொரு நடைப்பயணம் உண்டு. கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர், நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதணிகளைக் கழற்றிக் கொடுத்து, பதினெட்டு வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். 1945 ஏப்ரல் இறுதியில் இரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, அப்படைப் பெண்கள் வண்டிகள் பழுதாகவும் ஆறுகள் குறுக்கிடவும் பெரும்பாலும் கால்நடையாகவே, இரவுகளில் நடந்து, ஏறத்தாழ மூன்று வாரங்களில் பாங்காக்கை அடைந்தனர். அவர்களுள் ஜானகியும் ஒருவர். போருக்குப் பின் மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்கத்தில் பங்கு கொண்டு, ஜானகி ஆதி நாகப்பனாக மேலவை உறுப்பினராகவும் விளங்கி, 2014இல் மறைந்தார். காலில் கொப்புளத்தோடு நடந்த கோலாலம்பூர்ப் பெண்ணைத் தேடி ஆசிரியர் சுமாத்திராவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

ஷூட் ஒருவரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. 'குவாய் நதிப் பாலம்' எழுதிய பியேர் பூல், போருக்கு முன் கோலாலம்பூருக்கு அருகே இரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளியை ஷூட்டைவிட நன்கு அறிந்தவர். 1952இல் வந்த அவர் புதினமும், இலங்கையில் எடுத்து 1957இல் வெளியான அதன் படமும், மரண இரயிலை ஆங்கிலப் படையினரின் மான உணர்ச்சி பற்றிய கதையாக்கின. அதன் பின் அப்பாதை என்றாலே உலகத்தார் நினைவுக்கு வருவது அப்படத்தில் ஒலித்த சீழ்க்கைதான்.

இவ்விடைவெளியைத் தமிழ் எழுத்தாளர் நிரப்ப நாற்பதாண்டுக்கு மேலாயிற்று. மலேசியாவின் ஆர். சண்முகம் 1993இல் 'சயாம் மரண ரயில்' என்னும் புதினத்தையும், அ. ரெங்கசாமி 2005இல் 'நினைவுச்சின்னம்' என்னும் புதினத்தையும் தந்தனர். ஆனால் போர்க்காலக் காதல் என்று மட்டும் பார்த்தால், ஷூட்டின் நூலோடு ஒப்பிட ஏற்றது ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்'. படம் வந்து மூன்றாண்டு கழித்து, 1959இல் அது வெளிவந்தது. களம் பினாங்கு. வட்டிக்கடை ஊழியன் செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்து மீள்கிறான். முதலாளியின் மகள் மரகதம் அவனை விரும்புகிறாள். துப்பாக்கி பிடித்தவன் பேரேட்டுக்கு ஆகமாட்டான் என்று முதலாளி மறுத்துவிடுகிறார். ஜீனுக்குச் சொத்து வந்தது, விமானம் ஏறினாள், காதலனை அடைந்தாள். செல்லையாவோ கடைத் தெருவுக்குத் திரும்பிப் பிரிவை ஏற்றுக்கொள்கிறான். போர் முடிந்த மலாயாவில் சம்பள ஆளாக இருந்த தமிழ் இளைஞனுக்கு எது வாய்த்திருக்கும் என்பதைச் சிங்காரம் அறிந்திருந்தார். அத்தகைய கடையில் அவரும் வேலை பார்த்தவர்.