ஒரு மரப்பெட்டியும் இரண்டு கல்வித் திட்டங்களும்



விடுமுறையில் பிள்ளைகளை வைத்து வீட்டிலேயே சின்ன மரப்பெட்டி செய்து, வண்ணம் தீட்டிப் படம் போடுகிறீர்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் கல்வி வரலாறு ஒன்று இருக்கிறது. ஆசிரியர் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் அதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

நம் மரக்காணம் பக்கம் இரும்பு நிலைக்காது. உப்புக் காற்றில் ஆணிகூடத் துருப்பிடித்து உதிரும். உப்பளத்தில் உப்பு வாருவதும் மரப்பலகையால்தான். பழைய வீடுகளில் இருந்த அஞ்சறைப் பெட்டி, கல்லாப்பெட்டி, தேக்குப் பெட்டி இவற்றை நினைத்துப் பாருங்கள். பலகை ஓரங்களைப் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பார்கள். கீலும் பூட்டும் பித்தளை. மூலைக்குப் பித்தளைத் தகடு அடித்தால் அதுவே பலம், அதுவே அலங்காரம். இதையெல்லாம் செய்தவர் ஆசாரி. அந்த வித்தை அவர் பிள்ளைக்கு மட்டுமே போனது.

மரவேலையை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பாடமாக்கலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் வலுப்பெற்றது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால் 1866-இல் கைவேலை பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. சுவீடனில் ஓட்டோ சாலமன் நேஸ் என்ற இடத்தில் அதற்கென்றே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே போய்க் கற்றார்கள். பிள்ளைகளைத் தச்சராக்குவது அவர் நோக்கமல்ல. கையும் கண்ணும் மனமும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும் என்றார்.

இங்கே 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கல்வி மாநாடு கூட்டினார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. நூற்பு, தச்சு, விவசாயம் போன்ற கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றியே கணக்கும் அறிவியலும் கற்பிப்பதுதான் ஆதாரக் கல்வி. எந்தச் சாதிப் பிள்ளையானாலும் கையில் கருவி எடுக்க வேண்டும்.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் வேறு. கிராமத் தொடக்கப் பள்ளியில் நாளொன்றுக்குச் சுமார் மூன்று மணி நேரம்தான் படிப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். ஆசாரி பிள்ளைக்கு உளி, உப்பளத் தொழிலாளி பிள்ளைக்கு உப்பளம் என்றால் மற்ற பிள்ளைக்கு என்ன? பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லிக் கடுமையாக எதிர்த்தார். 1954-இல் முதல்வரான காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அன்று அது நடந்திராவிட்டால், இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் பட்டதாரி ஆகியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு திட்டத்திலும் அதே உளிதான், அதே பெட்டிதான். எல்லாப் பிள்ளையும் செய்தால் அது கல்வி. இன்னார் பிள்ளைதான் செய்ய வேண்டும் என்றால் அது விலங்கு. குலக்கல்வி போனது நல்லது. ஆனால் காலப்போக்கில் கைத்தொழில் வகுப்பும் பெயரளவுக்குச் சுருங்கிவிட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆகவே வீட்டில் செய்யுங்கள். பழைய கள்ளிப்பெட்டிப் பலகை போதும். பெட்டி 8 அங்குல நீளம், 5 அங்குல அகலம் என்று வையுங்கள். பலகைக் கனம் அரை அங்குலம். நீளப் பலகை இரண்டும் 8 அங்குலம். அவற்றுக்கு இடையில் நிற்கும் குறுக்குப் பலகை எவ்வளவு? 5 அல்ல, 4. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் பத்து முறை போடுவதைவிட, ஒருமுறை பலகையை அறுத்துப் பார்த்தால் பிள்ளைக்கு மறக்காது.

பிறகு உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். (உப்பளத்து ஊரில் தாளும் உப்புத்தாள்தான்!) கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை ஒட்டலாம், கோலம் வரையலாம். கடைசியில் உள்ளும் புறமும் வார்னிஷ் அடியுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் மரம் ஊதி மூடி திறக்காது.

பேரனிடம் ரம்பத்தையும் பேத்தியிடம் வண்ணத்தையும் பிரித்துக் கொடுக்காதீர்கள். இரண்டு பேரும் அறுக்கட்டும், இரண்டு பேரும் வரையட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். செய்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மூலை பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, மதிப்பெண் குறைக்க மாட்டேன்.